பட்டம் வாங்கியாச்சு, அடுத்து? - வாசகர் கேள்வி பதில்

கல்லூரி முடித்து வெளியே வருகிறவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் எழுதிய கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

எங்கள் துறையின் பிரிவு உபசார விழாவில் மாணவர்கள் சார்பில் நான்கு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சாதனை, சேவை, பொறுப்பு மூன்றும் பேச்சில் வர வேண்டுமாம். எழுதிப் பார்த்தால் காலண்டர் தாள் பொன்மொழி மாதிரியே வருகிறது. என்ன செய்ய?
*- இறுதியாண்டு மாணவி, நாமக்கல்*

முதலில் அளவு. மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 சொல் போகும். நான்கு நிமிடத்துக்கு 360. கைதட்டலுக்கும் தொண்டை அடைப்பதற்கும் கொஞ்சம் விட்டுவைத்து 330 சொல்லில் நிறுத்துங்கள். வீட்டில் கடிகாரம் வைத்து மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் நேரம் எப்போதும் குறைவாகத்தான் தெரியும்.

அடுத்த விபத்து, விளிப்பு. 'மதிப்பிற்குரிய' என்று எட்டுப் பேரைத் தனித்தனியாக அழைத்தால் முக்கால் நிமிடம் காலி. தலைமை தாங்குபவரையும் சிறப்பு விருந்தினரையும் மட்டும் பெயர் சொல்லுங்கள். மற்றவர்களை 'அவையோரே' என்ற ஒரே சொல்லில் வணங்கிவிடுங்கள். குறளில் தொடங்க வேண்டாம். உங்களுக்கு முன் பேசும் மூவரும் அதில்தான் தொடங்கப்போகிறார்கள்.

காலண்டர் வாடை வருவதற்குக் காரணம், பெரிய சொற்கள் தனியாக நிற்பதுதான். ஒவ்வொரு பெரிய சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு ஆள், ஒரு பொருள் அல்லது ஒரு எண்ணை நிறுத்துங்கள். 'எங்களுக்கு உறுதுணையாக இருந்த அனைவருக்கும் நன்றி' என்பதை இப்படி மாற்றிப் பாருங்கள்:

'ஏழு பத்து பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டேகாலுக்கு. முதல் பீரியட் போச்சு. நமக்காக அந்த பஸ்ஸை இரண்டு நிமிஷம் பிடித்துவைத்த டிரைவர் அண்ணனை இந்த மேடைக்கு யாரும் கூப்பிடப் போவதில்லை. அதனால் நான் இங்கிருந்தே கும்பிடு போடுகிறேன்.'

இது மாதிரிதான். உங்கள் கல்லூரியின் பஸ், உங்கள் லேப் அசிஸ்டென்ட், உங்கள் கேன்டீன் அக்கா. பெயர் சொல்வதானால் முதல் நாளே அவர்களிடம் கேட்டுவிடுங்கள். சிலருக்குக் கூச்சமாக இருக்கும்.

சாதனைப் பகுதியில் தங்கப் பதக்கப் பட்டியல் வேண்டாம். அதைத் துறைத்தலைவர் ஆண்டறிக்கையில் வாசித்திருப்பார். வகுப்பு முழுக்கச் சேர்ந்து கடந்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: இரண்டாம் ஆண்டில் பாதி வகுப்பு அரியர் வைத்த அந்தப் பேப்பரை எப்படி முடித்தீர்கள் என்பது மாதிரி.

சேவைப் பகுதியில்தான் எல்லாரும் காற்றடிப்பார்கள். 'சமுதாயத்துக்குத் திருப்பிக் கொடுப்போம்' என்கிறீர்களே, எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதியில்? உங்கள் வகுப்பில் 58 பேர் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு மாதம் 100 ரூபாய், அடுத்த செட்டில் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு. கணக்குப்படி மாதம் 5,800, வருடத்துக்கு 69,600. ஆனால் ஆறு மாதத்தில் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். வேலை கிடைக்காதவரிடம் கேட்கவும் முடியாது. 30 பேர் நிலைப்பார்கள் என்று வைத்து, வருடம் 36,000 என்றே மேடையில் சொல்லுங்கள். பணம் ஒருவருடைய சொந்தக் கணக்கில் ஜிபேயில் சேர்ந்தால் சண்டை நிச்சயம். இரண்டு பேர் பெயரில், இருவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற கூட்டுச் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். காசோலையை நேரே கல்லூரிப் பெயருக்கு எழுதுங்கள். மாணவர் கையில் ரொக்கம் வேண்டாம், உதவி பெறுகிறவர் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாஸ்புக் பக்கத்தைப் படம் எடுத்து அதே குழுவில் போட்டுவிடுங்கள். இந்த ஏற்பாட்டை நாலு வரியில் அறிவித்தால் சேவையும் பொறுப்பும் சேர்ந்தே வந்துவிடும். பொறுப்பு என்று தனிப் பத்தி எழுத வேண்டிய வேலை மிச்சம்.

பேச்சைத் தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு வாங்குங்கள். போனைப் பார்த்துப் படித்தால் நடுவில் திரை அணையும், அம்மாவின் அழைப்பும் வரும். மைக்கை விரலால் தட்டிப் பார்க்காதீர்கள்; ஒரு சாண் தள்ளி நின்றால் போதும். அழுகை வந்தால் நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடருங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

கல்விக் கடன் 3 லட்சம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்கு இரண்டு ஆண்டு படிக்க ஆசை. 'கடனை அப்புறம் பார்த்துக்கலாம், நீ பெரிய ஆளா வா' என்கிறார் அப்பா. அப்படி விடலாமா?
*- பி.இ. முடித்தவர், அரியலூர்*

அப்பா பெருந்தன்மையாகச் சொல்கிறார். ஆனால் பத்திரத்தில் அவர் உங்களோடு சேர்ந்து கையெழுத்திட்ட கடன்தாரர். தவணை 90 நாள் தாண்டி நின்றால் அது வாராக்கடன். உங்கள் பெயரோடு அவருடைய கடன் மதிப்பெண்ணும் விழும். தங்கை படிப்புக்குக் கடன் கேட்கப் போகும்போதுதான் அது தெரியவரும்.

பெரும்பாலான வங்கிகளில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கிடையாது. உங்கள் கடன் அனுமதிக் கடிதத்தில் எத்தனை மாதம் என்று பாருங்கள். தவணைதான் கிடையாதே தவிர, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தவணை தொடங்கும் நாளில் அது அசலோடு சேரும். 3 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 2,500 ரூபாய். படித்துக்கொண்டே மாலையில் இரண்டு மணி நேரம் டியூஷன் எடுத்தாவது இந்த 2,500-ஐ மட்டும் கட்டிவிடுங்கள். கடன் வளராமல் நிற்கும்.

தவணைக் காலத்தையும் கணக்குப் போட்டே முடிவெடுங்கள். அதே 3 லட்சத்தை 10 ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 3,965. மொத்தம் 4,75,800 கட்டுவீர்கள். 7 ஆண்டென்றால் மாதம் சுமார் 4,980, மொத்தம் 4,18,320. மாதத்துக்கு ஆயிரம் கூடுதலாகக் கட்டினால் 57,000 ரூபாய் மிச்சம். ஆனால் தேர்வுக்குப் படிக்கும் காலத்தில் நீண்ட தவணைதான் பாதுகாப்பு. வேலை கிடைத்ததும் கூடுதலாகக் கட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கட்டிய வட்டிக்கு வருமான வரியில் எட்டு ஆண்டு வரை கழிவு உண்டு, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும்.

கட்ட முடியாத நிலை வருவது போலிருந்தால் தவணை தவறுவதற்கு முன்பே கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தவறிய பிறகு கொடுக்கும் கடிதத்துக்கு மரியாதை குறைவு. இரண்டு ஆண்டு படிக்கலாம், தப்பில்லை. 'எந்த மாதத்தோடு நிறுத்துவேன்' என்ற தேதியை மட்டும் அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

முதலில் சாதிப்பதா, சேவை செய்வதா?
*- கல்லூரி மாணவர், தேனி*

புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றது 1912-ல். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது 1954-ல். இடையில் 42 ஆண்டு. அதற்குள் மருத்துவம் பார்த்தார், சட்டமன்ற மேலவைக்குப் போனார், அவ்வை இல்லம் நடத்தினார். எது முதல் என்று அவரிடம் கேட்டிருந்தால், அன்றைக்குக் காத்திருக்கும் நோயாளியைக் காட்டியிருப்பார் என்று நினைக்கிறோம்.

என்எஸ்எஸ்ஸில் இரண்டு ஆண்டுக்கு 240 மணி நேரம் முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். இப்போது வேலைக்குப் போகிறேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு எடுக்கலாமா?
*- தனியார் நிறுவன ஊழியர், விழுப்புரம்*

ஞாயிறு மட்டும் என்றால் வேண்டாம். ஏழு நாள் இடைவெளியில் குழந்தை மறந்துவிடும். நீங்களும் கல்யாணம், காதுகுத்து என்று மாதத்தில் இரண்டு ஞாயிறு விடுவீர்கள். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வாரம் மூன்று மாலை, 45 நிமிடம் என்று வையுங்கள். ஒருவருக்கு ஒரு நாள்.

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, 12 பிள்ளைகள் போதும். முதல் நாள் பாடம் நடத்தாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து மூன்று நிமிடம் படிக்கச் சொல்லுங்கள்: எழுத்து, சின்னச் சொல், நாலு வரி, ஒரு குட்டிக் கதை. எங்கே நிற்கிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் வகுப்பு. ஐந்தாம் வகுப்புப் பையன் சொல்லிலேயே நின்றால், மூன்றாம் வகுப்போடு உட்காருவது அவனுக்கு அவமானம். அதனால் குழுவுக்குப் பூப் பெயரோ மரப் பெயரோ வையுங்கள்; வகுப்பு எண் வேண்டாம்.

தமிழில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். 'கெ, கே, கை' வரிசையில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. கண் முதலில் பார்ப்பது கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியதோ 'க்'. 'கொ, கோ' வந்தால் முன்னால் கொம்பு, பின்னால் கால். 'கொடி'யைக் 'கெடி' என்று படிக்கும் குழந்தைக்குப் பார்வைக் கோளாறு இல்லை, அது பின்னால் நிற்கும் காலைக் கவனிக்கவில்லை. கரும்பலகையில் எழுத்தை வெள்ளையிலும் குறியைச் சிவப்பிலும் எழுதிக் காட்டுங்கள். அடுத்தது மெய்யெழுத்தின் புள்ளி: 'பட்டம்', 'படம்' இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் படிக்கவிடுங்கள். ல, ள, ழ பிறகு வரட்டும்.

வகுப்பைக் கெடுப்பது வீட்டுப்பாடம். 'அக்கா இதைப் போட்டுக் கொடுங்க' என்று தொடங்கினால் 45 நிமிடமும் அதிலேயே போய்விடும். அதற்குக் கடைசிப் பத்து நிமிடம் மட்டும். சுண்டல் கொடுத்தால் வருகை நன்றாக இருக்கும். 12 பேருக்கு அரைக் கிலோ கொண்டைக்கடலை, முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். பாடம் எடுப்பவரோடு இன்னொரு பெரியவரும் எப்போதும் இருக்க வேண்டும். இருட்டுவதற்குள் முடித்து, ஒரே தெருப் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புங்கள். பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் போடுவது சேவையில் சேராது.

பட்டமளிப்பு நாளில் 200 பேர் ரத்த தானம் செய்து சாதனை படைக்கலாம் என்று இருக்கிறோம்.
*- மாணவர் பேரவை, ஈரோடு*

ரத்தத்திலிருந்து பிரிக்கும் தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும். சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள். ஒரே நாளில் 200 யூனிட் கொடுத்துவிட்டு அடுத்த பத்து மாதம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் ரத்த வங்கிக்கு என்ன பயன்? ஆண்டுக்கு நான்கு முகாம், தலா 50 பேர் என்று பிரியுங்கள். எத்தனை யூனிட் எடுக்க முடியும் என்று ரத்த வங்கியைக் கேட்டு அந்த எண்ணை வையுங்கள். 18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. ஒரு வருடத்துக்குள் பச்சை குத்தியவர்கள் காத்திருக்க வேண்டும். விழா நாளில் காலைச் சாப்பாடு சாப்பிடாமல், பட்டுப் புடவையும் கோட்டுமாக வெயிலில் நிற்கிறவர்கள்தான் மயங்கி விழுவார்கள். தேதியை மாற்றுங்கள்.

படித்த பிள்ளை நீதான் ஊருக்கு ஏதாவது செய்யணும் என்கிறார்கள். எங்கள் ஊர் ஊருணி தூர்ந்து கிடக்கிறது. எங்கே தொடங்குவது?
*- எம்.எஸ்சி. முடித்தவர், சிவகங்கை*

கிராம சபையில். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். முதலில், உங்கள் பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். சபை என்பது வாக்காளர்களின் சபை. படிக்கப் போன ஊருக்கு மாற்றியிருந்தால், திரும்பி வந்து குடியிருக்கும்போது படிவம் 8 கொடுத்து மாற்றுங்கள்.

வாய்ப்பேச்சு காற்றோடு போகும். ஒரு பக்க மனு: ஊருணியின் பெயர், சர்வே எண், எந்தப் பக்க வரத்துக்கால் அடைந்திருக்கிறது, என்ன வேலை வேண்டும். தூர் எடுப்பதை விட வரத்துக்கால் முக்கியம். அது அடைந்திருந்தால் எவ்வளவு ஆழம் வெட்டினாலும் தண்ணீர் வராது. கூட்டத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஆகவே ஆள் திரட்டுவதும் உங்கள் வேலை. தீர்மானம் வாசிக்கப்பட்டு நோட்டில் ஏறும் வரை எழுந்து போகாதீர்கள். வெறும் தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். தீர்மான நகல் தராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?
*- பி.காம். முடித்தவர், சேலம்*

சரிபார்க்கக் காட்டலாம், சரிபார்த்ததும் கையோடு வாங்கி வந்துவிட வேண்டும். நகலில் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்திட்டு அவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

மகளுக்குப் பட்டமளிப்பு விழா. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். நான் எட்டாவது வரை படித்தவன். அன்றைக்கு அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.
*- ஒரு தந்தை, விருதுநகர்*

ஒன்றும் சொல்ல வேண்டாம் ஐயா, சீக்கிரம் போய்ச் சேருங்கள். அழைப்பிதழில் எத்தனை பேருக்கு அனுமதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகல் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டத்தைக் கையில் வாங்கியதும், சட்டம் போடக் கொடுப்பதற்கு முன்னால், இரண்டிலும் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் ஒன்றுதானா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். தப்பு இருந்தால் உடனே பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் எழுதிக் கொடுத்துவிடலாம். பாஸ்போர்ட் எடுக்கும்போது தெரிந்தால் அலைச்சல் அதிகம். பெரும்பாலும் தப்பு வருவது இனிஷியலில்தான். அது உங்கள் பெயரின் முதல் எழுத்து. அதை முதலில் பாருங்கள்.