போன் அடிக்கும்போது பெயரையும் சொல்லுமா? – வாசகர் கேள்வி பதில்

அம்மாவுக்கு எழுபது வயது, கண் மங்கல். போன் அடித்தால் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நின்றுவிடுகிறது. கூப்பிடுவது யார் என்று போனே வாய்விட்டுச் சொல்லும்படி வைக்கலாமாமே? ஆண்ட்ராய்டு போன்தான். எப்படி என்று சொல்லுங்கள்.
– வாசகி, கும்பகோணம்

தாராளமாக வைக்கலாம். பெரும்பாலான போன்களில் இதற்கென்று தனியாக எந்த ஆப்பும் வேண்டாம். போனிலேயே இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் அம்மாவின் போனில் எண்ணை அழுத்திக் கூப்பிடும் ஆப் யாருடையது என்று பாருங்கள். கூகுள் போன் ஆப் என்றால் அதைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியையோ மூன்று கோட்டையோ தொட்டு, செட்டிங்ஸுக்குள் போங்கள். பட்டியலின் கீழ்ப்பகுதியில் 'காலர் ஐடி அனவுன்ஸ்மென்ட்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் 'அனவுன்ஸ் காலர் ஐடி'. தொட்டால் மூன்று தேர்வுகள் வரும்: எப்போதும், ஹெட்செட் மாட்டியிருக்கும்போது மட்டும், ஒருபோதும் வேண்டாம். அம்மாவுக்கு 'எப்போதும்' என்பதை வையுங்கள். அந்த வரியே இல்லையென்றால் பிளே ஸ்டோரில் ஆப்பைப் புதுப்பித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

சாம்சங் போனில் அதன் சொந்த போன் ஆப் இருக்கும். அங்கே மூன்று புள்ளி, செட்டிங்ஸ், 'ஆன்சரிங் அண்ட் எண்டிங் கால்ஸ்'. அதற்குள் 'ரீட் காலர் நேம்ஸ் அலவுட்' என்று இருப்பதை இயக்குங்கள். சில மாடல்களில் இது புளூடூத்தோ இயர்போனோ இணைந்திருந்தால் மட்டுமே பேசும். அந்த வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் அப்படி எழுதியிருந்தால் அம்மாவுக்குப் பயன்படாது. வேறு நிறுவனத்துப் போனில் இந்த வசதியே கண்ணில் படவில்லை என்றாலும் வழி ஒன்றுதான். பல போன்களில் பிளே ஸ்டோரிலிருந்து கூகுள் போன் ஆப்பை இறக்கிக்கொள்ள முடியும். இறக்கியபின் செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ், போன் ஆப் என்று போய் அதையே முதன்மை ஆப்பாக்குங்கள். முதன்மை ஆப்பாக இல்லாதவரை அது பெயர் சொல்லாது.

வைத்த கையோடு இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டு, எடுக்காமல் முழுசாக அடிக்க விட்டுப் பாருங்கள். பேசவில்லை என்றால் போன் சைலன்ட்டிலோ வைப்ரேட்டிலோ இருக்கிறதா, 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பேசுகிறது, ஆனால் காதில் விழவில்லை என்றால் குற்றம் ரிங்டோனுடையது. நாதஸ்வரமும் தவிலுமாக முழங்கும் பாட்டை வைத்திருந்தால் பெயர் அதில் அமுங்கிப்போகும். நடுவில் இடைவெளி விட்டு ஒலிக்கும் எளிய மணியோசையாக மாற்றுங்கள்.

இன்னொன்று. 2019-இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்தபடி, எடுக்கப்படாத அழைப்பு கைபேசியில் 30 விநாடிதான் ஒலிக்கும். பெயரைச் சொல்லி முடிப்பதற்கே நாலைந்து விநாடி போய்விடும் என்பதால், அம்மாவின் போனில் பெயர்களைச் சுருக்கமாகப் பதிவு செய்யுங்கள்.

பெயர் சொல்லும்படி வைத்துவிட்டேன். ஆனால் தமிழில் பதிந்த பெயர்கள் வரும்போது மௌனம். ஆங்கிலத்தில் பதிந்தவற்றைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 'கனிமொழி' என்பது 'கனிமோசி' ஆகிறது. என்ன செய்ய?
– வாசகர், தேவகோட்டை

பெயரைக் கண்டுபிடிப்பது போன் ஆப். அதை உரக்கப் படிப்பது வேறொரு மென்பொருள், எழுத்தைக் குரலாக்கும் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' எஞ்சின். உங்கள் இரண்டு சிக்கலும் அங்கேதான் இருக்கின்றன.

மௌனத்துக்குக் காரணம், எஞ்சினில் ஆங்கிலக் குரல் மட்டும் இருப்பது. அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது, தாண்டிப் போய்விடும். போனின் செட்டிங்ஸில் மேலே உள்ள தேடல் கட்டத்தில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று தேடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் இதை ஒவ்வோர் இடத்தில் வைத்திருப்பதால் தேடுவதே எளிது. உள்ளே 'ப்ரிஃபர்டு எஞ்சின்' என்பதில் கூகுளின் எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டு 'இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டா', அதில் தமிழ் (இந்தியா). வைஃபையில் இருக்கும்போது இறக்கிக்கொள்வது நல்லது. ஒருமுறை இறங்கிவிட்டால் பிறகு இணையம் இல்லாமலே பேசும். திரும்பி வந்து 'லாங்குவேஜ்' என்பதிலும் தமிழை வையுங்கள். கீழே பேச்சின் வேகத்துக்கு ஒரு கோடு இருக்கும். வயதானவர்களுக்கு அதைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்கள். மாதிரியை ஒலிக்கவிட்டு அவர்களையே கேட்கச் சொல்லி நிறுத்துவதுதான் சரி.

சில போன்களில் அறிவிப்பின் மொழி, போனின் மொழியையே பின்பற்றும். குரலை மட்டும் மாற்றிப் பலனில்லை என்றால் போனையே தமிழுக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

இனி உச்சரிப்பு. ழகரத்துக்கு நாம் ஆங்கிலத்தில் போடும் 'இசட் எச்' நம் ஊர் ஏற்பாடு, ஆங்கிலக் குரலுக்கு அது புரியாது. எழில், யாழினி, தமிழரசி எல்லாமே இப்படித்தான் சிதையும். தமிழ் எழுத்தில் பதிந்து தமிழ்க் குரலில் கேட்பதே முழுத் தீர்வு. ஆங்கிலத்தில்தான் வைக்க வேண்டும் என்றால் 'இசட் எச்'சை எடுத்துவிட்டு 'எல்' போடுங்கள். 'கனிமொலி' என்று வரும், யார் என்றாவது தெரியும்.

தமிழ் எழுத்திலும் ஒரு சிறு முடிச்சு உண்டு. நமக்குப் பகரம் ஒன்றுதான். 'பாலு' என்று எழுதினால் 'பால்' என்பதில் வருவதுபோல வல்லோசையாகப் படிக்கும், நாம் கூப்பிடும் மெல்லோசை வராது. கோபி, தனம், கங்கா ஆகியவற்றுக்கும் இதே கதி நேரலாம். அந்தப் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், தமிழ்க் குரல் ஆங்கில எழுத்தையும் படிக்கும். எது காதுக்கு நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் கருத்தில் எல்லாவற்றையும்விட நல்ல வழி முறைப்பெயர். 'சின்ன அத்தை', 'திருச்சி மாமா', 'பெரியவன்', 'பால்காரர்' என்று வீட்டில் கூப்பிடுகிறபடியே தமிழில் பதியுங்கள். உச்சரிப்பும் பிசகாது, கேட்பவருக்கும் நொடியில் பிடிபடும்.

பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள். 'ரவி ஜியோ 2 புதுசு' என்றிருந்தால் அதை அப்படியே படிக்கும். இதயப் படம் போட்டிருந்தால் 'சிவப்பு இதயம்' என்று அதையும் சேர்த்தே சொல்லும். முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களைச் சில சமயம் எழுத்தெழுத்தாகப் படிக்கும். ஒரே எண் இரண்டு பெயரில் பதிவாகியிருந்தால் எது வரும் என்று சொல்லவே முடியாது. கான்டாக்ட்ஸ் ஆப்பில் இரட்டைப் பதிவுகளை இணைக்கும் 'மெர்ஜ்' வசதி இருக்கிறது, ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

பிளே ஸ்டோரில் ஒரு ஆப் போட்டேன். நன்றாகப் பெயர் சொன்னது. இப்போது எல்லோரையும் 'தெரியாத எண்' என்கிறது. சில நாள் வாயே திறப்பதில்லை. ஆப் கெட்டுவிட்டதா?
– வாசகர், பொள்ளாச்சி

ஆப் கெடவில்லை. அதற்குக் கொடுத்த அனுமதி போயிருக்கிறது.

இத்தகைய ஆப்புக்கு மூன்று அனுமதி வேண்டும்: போன், கான்டாக்ட்ஸ், அழைப்புகளின் பட்டியலான கால் லாக்ஸ். மூன்றாவதைத்தான் பலர் மறுத்துவிடுவார்கள். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், கால் லாக் அனுமதி இல்லாத ஆப்புக்கு அழைக்கும் எண்ணையே போன் கொடுக்காது. மணி அடிக்கிறது என்பது மட்டும் தெரியும், யார் என்று தெரியாது. 'தெரியாத எண்' வருவது இதனால்தான்.

முதலில் சரியாக வேலை செய்து பிறகு கெட்டது ஏன்? ஆண்ட்ராய்டு 11 முதல், சில மாதம் திறக்கப்படாத ஆப்பின் அனுமதிகளைப் போன் தானாகவே திரும்பப் பெற்றுக்கொள்ளும். பெயர் சொல்லும் ஆப்பை யார் தினமும் திறந்து பார்க்கிறார்கள்? அது பின்னணியில் வேலை செய்தாலும் போனின் கணக்கில் அது கைவிடப்பட்ட ஆப். செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப் என்று போய் அனுமதிகளை மறுபடி கொடுத்துவிட்டு, அதே பக்கத்தின் கீழே 'பாஸ் ஆப் ஆக்டிவிட்டி இஃப் அன்யூஸ்டு' என்பதை அணைத்துவிடுங்கள். சற்றுப் பழைய போன்களில் இந்த வரி 'ரிமூவ் பெர்மிஷன்ஸ்' என்று தொடங்கும்.

அடியோடு பேசாமல் இருப்பதற்குப் பேட்டரி சேமிப்பு காரணமாக இருக்கலாம். அதே பக்கத்தில் 'பேட்டரி' என்பதைத் தொட்டு 'அன்ரெஸ்ட்ரிக்டட்' வையுங்கள். ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் 'ஆட்டோ ஸ்டார்ட்' என்ற அனுமதியும் தனியாக உண்டு. அதைக் கொடுக்காவிட்டால் போனை அணைத்துப் போட்டதும் ஆப் எழுந்திருக்காது. ஒலியளவையும் பாருங்கள். சில ஆப்கள் ரிங்டோன் ஒலியில் பேசாமல், பாட்டுக் கேட்கும் மீடியா ஒலியில் பேசும். ராத்திரி பாட்டை நிறுத்த ஒலியைச் சுழியத்துக்கு இறக்கியிருந்தால் மறுநாள் பெயரும் கேட்காது.

பெயர் சொல்லும் ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டால், குறுஞ்செய்தியையும் படித்துச் சொல்லும் வசதி அதில் இருந்து அது உங்களுக்குத் தேவைப்பட்டால் ஒழியக் கொடுக்காதீர்கள். வங்கியின் ஓடிபி அதே வழியில்தான் வருகிறது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஏபிகே என்ற ஆப் கோப்பை இதற்காக நிறுவவே கூடாது. போனிலேயே வசதி இருந்தால் இந்த ஆப்பையும் நீக்கிவிட்டு அதற்கே மாறுங்கள் என்றுதான் சொல்வோம்.

ஐபோனில் எப்படி?
– வாசகி, அண்ணா நகர், சென்னை

செட்டிங்ஸ், ஆப்ஸ், போன், 'அனவுன்ஸ் கால்ஸ்'. ஐஓஎஸ் 18-க்கு முந்தைய போனில் ஆப்ஸ் என்ற படி இராது, செட்டிங்ஸிலேயே 'போன்' இருக்கும். எப்போதும், ஹெட்போனும் காரும், ஹெட்போன் மட்டும், ஒருபோதும் வேண்டாம் என்று நான்கு தேர்வுகள். பேசுவது 'சிரி' என்ற ஐபோனின் குரல் உதவியாளர். சிரிக்குத் தமிழ்க் குரல் இல்லை. அதனால் பெயர்களை ஆங்கிலத்தில் வைத்து, சிரியின் குரலை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். ஒரு பெயரை மட்டும் தப்பாகச் சொல்கிறது என்றால் அந்த கான்டாக்ட்டில் எடிட், 'ஆட் ஃபீல்டு', 'ப்ரொனன்சியேஷன் ஃபர்ஸ்ட் நேம்' என்று போய், ஒலிக்க வேண்டிய விதத்தில் எழுதுங்கள். திரையில் தெரியும் பெயர் மாறாது.

வாட்ஸ்அப் கால் வந்தால் மட்டும் பெயர் சொல்வதில்லையே?
– வாசகர், யாழ்ப்பாணம்

கூகுள் போன் ஆப் தன் வழியாக வரும் சிம் அழைப்பை மட்டுமே அறிவிக்கும். வாட்ஸ்அப் அழைப்பு அதன் கைக்கு வருவதே இல்லை. அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி பெற்ற தனி ஆப்களால் சொல்ல முடியும், ஆனால் அந்த அனுமதியைக் கொடுத்தால் உங்கள் எல்லாச் செய்திகளும் அந்த ஆப்பின் கண்ணில் படும். ஐபோனில் வாட்ஸ்அப் அழைப்பும் போன் அழைப்பு போலவே வருவதால் அங்கே சிரி சொல்லிவிடும்.

எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வைத்திருக்கிறேன். இதையும் இயக்கியதும் இரண்டு குரலும் ஒரே நேரத்தில் பேசி எதுவுமே புரியவில்லை.
– வாசகர், பாளையங்கோட்டை

காலர் அனவுன்ஸ்மென்ட்டை அணைத்துவிடுங்கள். அழைப்பு வந்ததும் திரையில் தோன்றும் பெயரை டாக்பேக்கே படிக்கும், இரண்டாவது குரல் உங்களுக்குத் தேவையில்லை. இரண்டு விரல்களால் திரையில் எங்கு வேண்டுமானாலும் இருமுறை தட்டினால் அழைப்பை எடுக்கலாம், அதேபோலத் தட்டி வைக்கலாம். டாக்பேக் பழைய பதிப்பாக இருந்தால் பிளே ஸ்டோரில் 'ஆண்ட்ராய்டு ஆக்சஸிபிலிட்டி சூட்' என்பதைப் புதுப்பியுங்கள்.

பாட்டிக்கு ஸ்மார்ட்போன் பிடிபடவில்லை. கூப்பிடுகிறவர்கள் மொத்தம் ஆறு பேர்தான். இவ்வளவு செட்டிங்ஸ் இல்லாமல் எளிய வழி ஏதாவது?
– வாசகர், சேலம்

பட்டன் போன் போதும் என்றால், ஐடெல் போன்ற நிறுவனங்களின் சில மாடல்களில் 'கிங் வாய்ஸ்' என்று ஒரு வசதி வருகிறது. அழைப்பவர் பெயரையும் அழுத்தும் எண்ணையும் படிக்கும். கடையிலேயே சிம் போட்டு, ஒரு பெயரைப் பதிந்து, கூப்பிட்டுக் கேட்டபிறகு வாங்குங்கள்.

ஸ்மார்ட்போனே இருக்கட்டும் என்றால், ஆறு பேருக்கும் ஆறு ரிங்டோன் நீங்களே செய்யலாம். அந்தந்த ஆளையே பேசவைத்துப் போனின் ரெக்கார்டரில் பதிவு செய்யுங்கள்: "பாட்டி, நான் செல்வி கூப்பிடுறேன்." பிறகு இரண்டு விநாடி இடைவெளி, மறுபடி அதே வாக்கியம். மூன்று முறை சொன்னால் 15 விநாடி வரும், அது போதும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஒலிக்கும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசச் சொல்லுங்கள். கோப்பை 'ரிங்டோன்ஸ்' ஃபோல்டருக்கு நகர்த்தி, கான்டாக்ட்ஸில் அந்தப் பெயரைத் திறந்து, மூன்று புள்ளி, 'செட் ரிங்டோன்' என்று கொடுத்தால் வேலை முடிந்தது. இதற்கு இணையமும் வேண்டாம், எந்த அனுமதியும் வேண்டாம், உச்சரிப்புச் சிக்கலும் கிடையாது.

'செட் ரிங்டோன்' என்ற வரியே வராவிட்டால் அந்த எண் சிம்மில் பதிவாகியிருக்கிறது என்று பொருள். சிம் பதிவுக்குத் தனி ரிங்டோன் வைக்க முடியாது. கான்டாக்ட்ஸ் செட்டிங்ஸில் 'இம்போர்ட்' கொடுத்துப் போனுக்கோ கூகுள் கணக்குக்கோ மாற்றிவிட்டுப் பாருங்கள், வரும்.