கவுன்சிலிங் நோட்டைத் திருத்தி எழுதலாமா?

கேள்வி: தொண்டு நிறுவனம் ஒன்றின் பெண்கள் உதவி மையத்தில் கவுன்சிலராக இருக்கிறேன். அடிபட்டு வந்த ஒரு பெண்ணின் குடும்ப வன்முறை வழக்கில், கவுன்சிலிங் நோட்டுடன் ஆஜராகும்படி எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. முதல் நாள் மாமியாரோடு வந்தபோது, "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்றார். அதை எழுதி வைத்திருக்கிறேன். கணவர் அடித்ததை அடுத்த முறை தனியாக வந்தபோதுதான் சொன்னார். ரகசியம் காப்பேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வரி இல்லாமல் வேறு நோட்டில் எழுதிக் கொடுக்கலாமா? அந்தக் கணவர் ஸ்டேஷனில் வைத்து என்னை 'குடும்பத்தைக் கெடுக்கிறவள்' என்று திட்டினார். நான் புகார் கொடுத்தேன், அவரும் என்மேல் கொடுத்திருக்கிறார். அவதூறு வழக்கும் போட நினைக்கிறேன். நிர்வாகமோ என்னைத்தான் குறை சொல்கிறது.

பதில்: நிர்வாகத்தோடு உள்ள மனக்கசப்பை ஆபீஸில் பேசிக்கொள்ளுங்கள். சட்டப்படி இதில் ஒரே விஷயம், சம்மனில் கேட்ட நோட்டு உங்கள் கையில் இருக்கிறது என்பதுதான்.

கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லாமலிருக்க வக்கீலுக்குச் சாட்சியச் சட்டத்தில் (2023) பிரிவு 132 இருக்கிறது. கவுன்சிலருக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. நீங்கள் கொடுத்த வாக்கு தொழில் நெறி, அவ்வளவுதான். ஆட்சேபணை இருந்தாலும் ஆவணத்தை முதலில் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும், ஆட்சேபணையைக் கோர்ட் முடிவு செய்யும் என்கிறது பிரிவு 165.

திருத்தி எழுதுவதைப் பற்றி நினைக்கவே நினைக்காதீர்கள். நல்ல மனசோடு இதைச் செய்து கூண்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதப் பதிவும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரு அடித்தல்கூட இல்லாமல் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு என்ன வேண்டும்? உங்கள் மையத்தின் வருகைப் பதிவேட்டையும் கேட்பார். அதில் அந்தப் பெண் மாமியாரோடு வந்த தேதி இருக்கும், உங்கள் நோட்டில் இருக்காது. அப்புறம் அடித்தது யார் என்ற கேள்வியே போய், கவுன்சிலர் பொய் சொல்கிறாரா என்பதுதான் வழக்காகும். பழைய நோட்டை அழித்தால் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 241, 3 ஆண்டு வரை சிறை. பொய்யாக ஆவணம் தயாரித்துச் சாட்சியமாகக் கொடுத்தால் பிரிவு 229, 7 ஆண்டு வரை.

சரி, அந்த வரி அப்படியென்ன கெடுதல்? மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்த மருமகள் உண்மையைச் சொல்வாள்? இது மாஜிஸ்திரேட்டுகள் கேட்டுப் பழகிய கதை. உடன் வந்தது மாமியார் என்று நோட்டில் குறித்திருந்தால் நல்லது. குறிக்கவில்லையென்றால் இப்போது செருகாதீர்கள், கூண்டில் வாயால் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: அதே நோட்டில் மற்ற பெண்களின் விவரமும் இருக்குமே? அந்தப் பெண்ணின் பக்கங்களை மட்டும் பார்வையிடவும், மற்றவற்றைச் சீலிட்ட உறையில் வைக்கவும் கோரி மனுப் போடுங்கள். அவர்களில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர் இருந்து, பெயர் வெளியே போனால் அதே நியாய சன்ஹிதாவின் பிரிவு 72 உங்கள் மேல் பாயும். மூடிய அறையில் விசாரிக்கக் குடும்ப வன்முறைச் சட்டம் (2005) பிரிவு 16 இடம் தருகிறது. அதை அந்தப் பெண்ணின் வக்கீல் கேட்கட்டும்.

அவதூறு வழக்கா? வேண்டாம். போட்டால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே, "உங்களுக்கும் இவருக்கும் முன்விரோதம் உண்டுதானே?" என்றுதான் வரும். உங்கள் சாட்சியம் அங்கேயே பாதி போச்சு. ஸ்டேஷனில் இரண்டு தரப்பும் புகாரை வாபஸ் வாங்கச் சொன்னால் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தக் கடிதத்தில் அந்தப் பெண்ணைப் பற்றியோ, நீங்கள் சாட்சி சொல்வதைப் பற்றியோ ஒரு வார்த்தை இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தேதிக்கு முன்பே, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, 'வழுக்கி விழுந்தேன்' வரி நோட்டில் இருப்பதை அவர் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.