மெலிந்தால் முனைவாக்கம் போய்விடுமா? ஃபெரோஎலெக்ட்ரிக் படலங்கள்: கேள்வி பதில்

மல்லாவி, உயர்தர மாணவி: சேர், சாதாரண மின்கடத்தாப் பொருளுக்கும் ஃபெரோஎலெக்ட்ரிக் பொருளுக்கும் என்ன வித்தியாசம்?

முனைவாக்கம் என்றால் பொருளுக்குள் நேர், மறை ஏற்றங்கள் சற்று விலகி நிற்பது. சாதாரணப் பொருளில் மின்புலத்தை எடுத்ததும் அது போய்விடும். ஃபெரோஎலெக்ட்ரிக் பொருளான பேரியம் டைட்டனேற்றில், டைட்டேனியம் அயன் அலகுக்கூட்டின், அதாவது பளிங்கில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய அணுக்கூட்டின், நடுவிலிருந்து சற்று விலகி நிற்கும். புலத்தை எடுத்தாலும் அங்கேயேதான். எதிர்ப்புலம் கொடுத்தால் மறுபக்கம் தாவும். 1, 0 என்று பதிந்துவைக்க இது போதும், பிள்ளை.

புதுக்குடியிருப்பு, ஆசிரியர்: படலம் மெலிந்தால் இது ஏன் பலவீனப்படுகிறது?

முனைவாக்கம் இருந்தால் படலத்தின் இரு முகங்களிலும் ஏற்றம் இருக்கும். படலத்தைத் தொட்டிருக்கும் உலோக மின்வாயின் இலத்திரன்கள் வந்து அதை ஈடுசெய்யும், ஆனால் முழுமையாக அல்ல. உலோகத்துக்குள் அணுவளவு தூரம் தள்ளியே அவை நிற்பதால் கொஞ்சம் மின்னழுத்தம் மிஞ்சும். கடன் நிலுவை ஐந்நூறு பேருக்குப் பிரிந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஐந்து பேர் தலையில் விழுந்தால் படுத்துவிடுவார்கள். அப்படித்தான், தடிப்புக் குறையக் குறைய முனைவாக்கத்தை எதிர்க்கும் புலம் ஏறுகிறது. ஸ்ட்ரோன்சியம் ருத்தேனேற்று மின்வாய்களுக்கு நடுவே பேரியம் டைட்டனேற்றை வைத்தால், ஏறக்குறைய 2.4 நனோமீற்றருக்குக் கீழே, அதாவது ஆறு அலகுக்கூடுகளுக்குக் கீழே, முனைவாக்கம் நிலைக்காது என்று 2003இல் ஜுங்கேராவும் கோசேயும் கணித்தார்கள்.

முள்ளியவளை: அப்போ அதற்குக் கீழே ஒன்றும் இல்லையா?

அவசரப்படாதீர்கள். அந்த எண் அந்தப் பொருளுக்கும் அந்த மின்வாய்க்கும் உரியது. 2004இல் ஈய டைட்டனேற்றில் மூன்று அலகுக்கூடு, அதாவது 1.2 நனோமீற்றர் தடிப்பிலும் அது தங்குவதைக் கண்டார்கள். மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் மாறிமாறிக் குறுகிய பட்டைகளாகப் பிரிந்து, முக ஏற்றங்களைத் தமக்குள்ளேயே சரிக்கட்டிக்கொண்டது. அடித்தளப் பளிங்கும் விளையாடும். பேரியம் டைட்டனேற்றைப் பக்கவாட்டில் நெருக்கும் தளத்தில் வளர்த்து, அதன் கியூரி வெப்பநிலையை, அதாவது எந்த வெப்பநிலைக்கு மேல் ஃபெரோஎலெக்ட்ரிக் குணம் போய்விடுமோ அதை, ஏறத்தாழ 500 பாகை உயர்த்தியிருக்கிறார்கள். எனக்குக் கேட்டால், தடிப்பைவிட எல்லையில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

வவுனியா, திருத்துநர்: தகரக் கூரைக்குக் கீழே எங்கள் வெயிலில் இந்த வகை நினைவகச் சிப் அழிந்துபோகுமா அண்ணா?

இல்லை. பேரியம் டைட்டனேற்றின் கியூரி வெப்பநிலையே 120 பாகை செல்சியஸ் அளவு. சிப்புகளில் வரும் ஈயச் சேர்மங்களுக்கு இன்னும் அதிகம். அதற்கு முன் பற்றரி போய்விடும்.

அறிவியல்நகர், பொறியியல் மாணவர்: ஹப்னியம் ஒட்சைட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

அது எதிர்த்திசையில் போகிறது, தம்பி. சாதாரணமாக, கட்டியாக இருக்கும்போது அதில் ஃபெரோஎலெக்ட்ரிக் குணம் இல்லை. சிலிக்கன் கலந்த ஏறத்தாழ 10 நனோமீற்றர் படலத்தில் அது தெரிவதாக 2011இல் அறிவித்தார்கள். 2020இல் சேர்க்கோனியம் கலந்து, சிலிக்கன் மேல் 1 நனோமீற்றர் வரை இறங்கினார்கள். சிப் தொழிற்சாலைகளுக்கு ஏற்கெனவே பழகிய பொருள் என்பதால்தான் இத்தனை ஆர்வம்.

ஆனால் அந்தத் தடிப்பில் இலத்திரன்கள் ஊடுருவிக் கசியும். புலத்தை ஏற்றி இறக்கும்போது முனைவாக்கம் பின்தங்கி மாறுவதால் வரும் மூடிய வளைவுதான் பின்னிடைவுக் கண்ணி; ஃபெரோஎலெக்ட்ரிக் குணத்துக்கு அதையே சாட்சியாகக் காட்டுவார்கள். கசிவும் அது போன்ற வளைவை வரையும். ஜே. எப். ஸ்கொற் 2008இல் வாழைப்பழத் தோலை அளந்தே அப்படி ஒரு கண்ணியைக் காட்டினார். ஆகவே ஆய்வுகூடத்தில் யாராவது மூடிய வளைவை மட்டும் நீட்டினால், கசிவோட்டத்தைத் தனியாக அளந்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.