ஏசியும் மெத்தையும் இல்லாமல் முடியாது, ஆனால் கூடாரத்தில் தங்க ஆசை: சென்னைக்காரர்களுக்கு கிளாம்பிங் சரிப்படுமா?

ஏசி, மெத்தை, வெஸ்டர்ன் டாய்லெட் எதையும் விடாமல் அப்பா அம்மாவோடு கூடாரத்தில் தங்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும், இப்படி ஹோட்டல் வசதிகளோடு கூடாரத்தில் தங்குவதற்குத்தான் கிளாம்பிங் என்று பெயர். வெட்கப்பட ஒன்றுமில்லை. முகலாய பாதுஷாக்கள் பயணம் கிளம்பினால் இரண்டு செட் கூடாரம் இருக்கும். ஒன்றில் ராஜா தூங்கும்போதே இன்னொன்று அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

சிக்கல் ஏசியில்தான். கூடாரத் துணி செங்கல் சுவர் மாதிரி வெப்பத்தைத் தடுக்காது, உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்சக் குளிர்ச்சியும் ஜிப் வழியாகவும் தரை ஓரமாகவும் கசிந்துவிடும், அதனால் மே மாதம் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் மதியத்தில் ஏசி பாட்டுக்கு ஓடும், நீங்கள் பாட்டுக்கு வியர்ப்பீர்கள். இரட்டைத் துணியா, மேலே நிழலுக்குத் தனிக் கூரை உண்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா அல்லது ஃபேன், லைட் மட்டும்தானா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். விளம்பரப் படத்தில் இதெல்லாம் தெரியாது, சரவிளக்குதான் தெரியும்! அப்புறம், பாத்ரூம் கூடாரத்தோடு ஒட்டி இருக்கிறதா? முட்டி வலிக்கிற அம்மாவை ராத்திரி டார்ச்சோடு நடக்க வைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் கடற்கரையை விட ஏலகிரி மலையே மேல். சுமார் 1,100 மீட்டர் உயரம், காரில் நாலைந்து மணி நேரம், ஜனவரி ராத்திரியில் ஏசி பேச்சே எழாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அப்போது வேண்டாம்.