டிவி பாக்ஸில் ஆர்ம்பியன் ஏன் தொடங்க மறுக்கிறது?

எஸ்905எக்ஸ் சிப் கொண்ட டிவி பெட்டியில், ஆர்ம் வகைச் சிப்புகளுக்கான லினக்ஸ் இயங்குதளமான ஆர்ம்பியனை எழுதிய எஸ்டி கார்டைப் போட்டால் சில சமயம் ஆண்ட்ராய்டும் சில சமயம் கறுப்புத் திரையும் வருவதாகக் கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள்.

ஆண்ட்ராய்டே வந்தால், இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் நிரலான பூட்லோடர் கார்டைத் தேடவில்லை என்று பொருள். பல பெட்டிகளில் ஏவி (ஒலி-ஒளி இணைப்பு) துளைக்குள் சிறு பொத்தான் ஒன்று மறைந்திருக்கும். பல் குத்தும் குச்சியால் அதை அழுத்திப் பிடித்தபடியே மின் இணைப்பைக் கொடுத்து, சில நொடிகள் கழித்து விடுங்கள்.

கறுப்புத் திரைக்குப் பெரும்பாலும் டிவைஸ் ட்ரீ கோப்பே காரணம். மேசைக் கணினியில் என்னென்ன வன்பொருள் உள்ளது என்பதை, தொடக்க மென்பொருளான பயாஸும் உள் இணைப்புத் தடமான பிசிஐயும் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குத் தெரிவித்துவிடுகின்றன. இத்தகைய ஆர்ம் பெட்டிகளிலோ எச்டிஎம்ஐ, ஈதர்நெட் முதலியவை எந்த முகவரியில், சிப்பின் எந்த இணைப்புக் காலில் (பின்) உள்ளன என்பதை அந்தக் கோப்புதான் சொல்ல வேண்டும். கார்டின் பூட் பகுதியிலுள்ள எக்ஸ்ட்லினக்ஸ் கோப்புறையின் அமைப்புக் கோப்பில், எஃப்டிடி என்று தொடங்கும் வரியில் சரியான பெயரைக் கொடுங்கள். எஸ்905எக்ஸுக்கு முதலில் பி212 என முடியும் கோப்பையும், எஸ்905டபிள்யூ என்றால் பி281 என்பதையும் முயலலாம். பெட்டியின் அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். மூடியைக் கழற்றி, வெப்பத்தகட்டின் கீழே சிப்பின் மேலுள்ள எண்ணையே பாருங்கள், ஏனெனில் மலிவான பெட்டிகளில் ரேம் அளவைக்கூடக் கூட்டிச் சொல்லி விற்கிறார்கள்.

வைஃபை சிப்புக்குக் கெர்னலில் டிரைவர் இல்லாமலும் போகலாம். ஆகவே ஈதர்நெட் கம்பியோடு தொடங்குங்கள். எல்லாம் கார்டிலிருந்து ஒழுங்காக இயங்கி, உள் நினைவகத்திலுள்ள ஆண்ட்ராய்டையும் நகலெடுத்து வைத்த பிறகே அதில் லினக்ஸை எழுதுங்கள்.