குழந்தைக்கு எவ்வளவு மூச்சு கொடுப்பது?

கேள்வி: ஈசூனில் எட்டு மாதப் பேரனைப் பகலில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இதயம் நின்று விழுந்த பெரியவர்களுக்கு நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்று சமூக மன்றத்தில் நடந்த சிபிஆர் (இதயத்தையும் மூச்சையும் மீட்கும் முதலுதவி) பயிற்சியில் சொன்னார்கள். குழந்தைக்கும் அப்படித்தானா? ஊதினால் நுரையீரல் தாங்குமா?

பதில்: குழந்தைக்கு அது போதாது, அம்மா. பெரியவர் திடீரென்று சுருண்டு விழுந்தால் பெரும்பாலும் இதயக் கோளாறாக இருக்கும். அவர் ரத்தத்தில் பிராணவாயு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். குழந்தைக்குப் பெரும்பாலும் மூச்சுதான் முதலில் நிற்கிறது. தொண்டை அடைத்தோ, தண்ணீரில் மூழ்கியோ, நெஞ்சுச் சளி முற்றியோ பிராணவாயு தீர்ந்த பிறகே இதயம் ஓய்கிறது. அந்த ரத்தத்தை அழுத்தி ஓட்டினால் மட்டும் போதுமா? காற்றும் கொடுத்தாக வேண்டும்.

உள்ளங்காலைத் தட்டிக் கூப்பிடுங்கள். குலுக்குவது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது எதுவும் வேண்டாம். அசைவும் மூச்சும் இல்லையென்றால் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைத்து, கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். செய்யவேண்டியதை அவர்கள் படிப்படியாகச் சொல்வார்கள். எப்போதாவது ஒருமுறை விக்குவதுபோல் வாய் திறந்தால் அதை மூச்சு என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

மெத்தையில் வேண்டாம், தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். 30 முறை அழுத்தி 2 முறை ஊத வேண்டும். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு கையின் அடிப்பகுதியால், சுமார் 4 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் அழுத்துங்கள்.

இனி ஊதுவது. பச்சைக் குழந்தைக்குத் தலை பெரிது. படுக்கவைத்தால் கழுத்து மடங்கும். அதற்காக அதிகமாகப் பின்னால் சாய்த்தாலும் மூச்சுக்குழாய் ஒடுங்கிவிடும். முகம் நேராகக் கூரையைப் பார்க்கட்டும். தாடையெலும்பில் ஒரு விரல் வைத்து லேசாக உயர்த்துங்கள். கீழே உள்ள மெல்லிய சதையை அழுத்தாதீர்கள். உங்கள் வாயால் குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, ஒரு விநாடி மெதுவாக ஊதுங்கள். உங்கள் கன்னத்தில் அடங்கும் காற்றே ஏறக்குறையப் போதும். கண் நெஞ்சின் மேல் இருக்கட்டும்: அது எழுந்ததும் நிறுத்தி, இறங்கவிட்டு, அடுத்ததை ஊதுங்கள்.

நெஞ்சு எழவில்லையா? வேகமாக ஊதாதீர்கள், தலையைச் சரிசெய்யுங்கள். பலமாக ஊதினால் நுரையீரலுக்கும் கேடு. காற்று வயிற்றுக்குள் போய்ப் பால் மேலே வந்து வழியை அடைக்கும். அப்படி வந்தால் பக்கவாட்டில் திருப்பி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் துடையுங்கள். விரலை விட்டுத் துழாவ வேண்டாம். இரண்டு முறை முயன்றும் எழாவிட்டால் அழுத்தத் தொடங்கிவிடுங்கள்.

ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சற்றுக் கூடுதலாகச் சாய்த்து, வாயில் மட்டும் ஊத வேண்டும். அழுத்தும் ஆழம் சுமார் 5 செ.மீ.

அடுத்து, குழந்தைகளுக்கென்றே நடக்கும் சிபிஆர் வகுப்பில் சேருங்கள். நெஞ்சு எவ்வளவு எழவேண்டும் என்பது பொம்மையில் ஊதிப் பார்த்தால்தான் பிடிபடும். வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.