வீட்டிலேயே கிட்டார் பதிவும் மிக்ஸிங்கும்: கேள்வி பதில்

இலவச மென்பொருளை வைத்து வீட்டில் கிட்டார் பதிவு செய்வது, மிக்ஸ் செய்வது (பதிந்தவற்றைச் சேர்த்துச் சமன்செய்வது) பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். வாசிப்புப் பாடமும் கிட்டார் வாங்கும் ஆலோசனையும் என் பக்கம் இல்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு டேக்குக்கும், அதாவது ஒரு முறை வாசித்துப் பதிவதற்கும், முன்னால் ட்யூன் செய்யுங்கள். மற்ற தவறுகளை மிக்ஸில் ஓரளவு சமாளிக்கலாம். சுருதி விலகிய கார்டை ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: அண்ணா, எந்த மென்பொருள் நல்லது? ஆடாசிட்டி போதுமா?

ஒரு கிட்டார், ஒரு குரல் என்றால் தாராளமாகப் போதும். 2022இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து எஃபெக்டை ட்ராக்கின் மேல் ஓடவிட்டுக் கேட்டபடியே மாற்றலாம். ஆனால் ஆம்ப் சிமுலேட்டரின் (கிட்டார் ஆம்ப்ளிஃபயரைப் போல ஒலிக்கவைக்கும் மென்பொருள்) சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டுமென்றால் வேறு மென்பொருளுக்குப் போவது நல்லது. மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இருக்கிறது. விண்டோஸுக்கு வேவ்ஃபார்ம் ஃப்ரீ, லினக்ஸுக்கு ஆர்டோர். ரீப்பரை இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். அது 60 நாள் சோதனைதான், அதற்குப் பிறகு காசு கொடுத்து வாங்க வேண்டும்.

கேள்வி: அகூஸ்டிக் கிட்டாருக்கு ஒரே ஒரு மைக் இருக்கிறது. எங்கே வைத்தாலும் 'தொம் தொம்' என்று அடிக்கிறது.

சவுண்ட் ஹோலுக்கு நேராக வைத்திருப்பீர்கள். கிட்டாரின் உள்ளே இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதிர்ந்து அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே வருகிறது. மைக்கை 12ஆவது ஃப்ரெட்டுக்கு எதிரே, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முனை சவுண்ட் ஹோலைப் பார்க்காமல், கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்க்கட்டும்.

இது தொடக்கம்தான். ஒவ்வொரு கிட்டாருக்கும் இடம் கொஞ்சம் மாறும். தனியாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள்: பதிவை ஓடவிட்டு, "12ஆம் ஃப்ரெட், ஒரு சாண்" என்று மைக்கில் சொல்லிவிட்டு நாலு கார்டு வாசியுங்கள். நாலு விரற்கடை நகர்த்தி, புது இடத்தைச் சொல்லி, அதே நாலு கார்டு. ஐந்தாறு இடம் ஆனதும் ஹெட்போனில் கேட்டால் எது சரி என்று காதே சொல்லிவிடும். ஈக்யூவோடு (கனமான, கூர்மையான ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மல்லுக்கட்டும் வேலை பாதி மிச்சம்.

அறையில் வெறும் சுவரை ஒட்டியும் உட்காராதீர்கள், நட்ட நடுவிலும் உட்காராதீர்கள். துணி நிறைந்த அலமாரி, மெத்தை பக்கத்தில் இருந்தால் எதிரொலி குறையும். மின்விசிறியை நிறுத்துங்கள். சட்டைப் பொத்தான் கிட்டாரின் பின்பக்கத்தில் உரசுவதுகூட மைக்கில் விழும். 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். பலமாக அடிக்கும்போதும் மீட்டர் மைனஸ் 12 டெசிபெலைத் தொட்டால் போதும். பூஜ்யத்தை ஒட்டி ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: நான் வாசிப்பது ஹெட்போனில் தாமதமாகக் கேட்கிறது.

பஃபர் அளவைக் குறையுங்கள். கணினி ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்துக் கையாளுகிறது என்பதுதான் பஃபர். 44.1 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலியின் அளவீடு) 128 சாம்பிள் என்றால் ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று சேர்த்தாலும் கை தடுமாறாது. விண்டோஸில் இன்டர்ஃபேஸோடு (கிட்டாரையும் மைக்கையும் கணினியில் இணைக்கும் பெட்டி) வரும் ஆஸியோ (தாமதத்தைக் குறைக்கும்) டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். மிக்ஸ் செய்யும்போது பஃபரை 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டாரை நேராகச் சொருகினேன். கிளீனில் மந்தமாக இருக்கிறது, டிஸ்டார்ஷன் போட்டால் கொசு மாதிரி இரைகிறது.

இவை இரண்டும் வேறு வேறு கோளாறு. மந்தத்துக்குக் காரணம் சொருகிய இடம். பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) சுமார் 1 மெகாஓம் மின்தடையுள்ள உள்ளீடு வேண்டும். மைக் துளையில் அது கிடையாது, ட்ரெபிள் செத்துவிடும். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்ற பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். இரைச்சலுக்குக் காரணம் கேபினெட் (ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டி) இல்லாதது. ஆம்ப் சிமுலேட்டருக்குப் பின்னால் ஒரு கேபினெட் ஐஆர் (அந்தப் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த கோப்பு) போடுங்கள். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற ஆம்ப் சிமுலேட்டர் இலவசம், அதிலேயே ஐஆர் ஏற்ற இடம் உண்டு. ஏற்றுகிற மாடல் (ஒரு ஆம்பின் ஒலியைப் பிடித்த கோப்பு) கேபினெட்டையும் சேர்த்துப் பிடித்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு கேபினெட் வேண்டாம்.

கேள்வி: புதிதாகத் தொடங்குகிறேன், எந்த மென்பொருள் சிறந்தது?

முதல் பதில்.

கேள்வி: 44.1 போதுமா, 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்ய வேண்டுமா?

44.1 அல்லது 48 போதும். 44.1 என்பது 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். காது இளம் வயதிலேயே 20 வரைதான் கேட்கும்.

கேள்வி: 96 கேட்டவன்தான். ஒத்துக்கொள்ள முடியவில்லை சார். டிஸ்டார்ஷன் ட்ராக் 96இல் தெளிவாக இருக்கிறது, என் காதால் கேட்டேன்.

நீங்கள் கேட்டது உண்மையாக இருக்கலாம். ஆனால் காரணம் பதிவில் இல்லை, பிளக்இன்னில் (மென்பொருளுக்குள் போடும் எஃபெக்ட்) இருக்கிறது. டிஸ்டார்ஷன் புதிய ஹார்மானிக்குகளை (மூல அதிர்வெண்ணின் மடங்குகள்) உண்டாக்கும். 9 கிலோஹெர்ட்ஸின் மூன்றாவது ஹார்மானிக் 27. 44.1இல் அதற்கு இடமில்லை, அதனால் மடங்கி 17.1இல் வந்து உட்காரும். வாசித்த சுரத்தோடு அதற்கு எந்த உறவும் இல்லை, அதனால்தான் கரகரக்கிறது. 96இல் கூரை 48 கிலோஹெர்ட்ஸ், 27 தன் இடத்திலேயே இருக்கும். பிளக்இன்னில் ஓவர்சாம்ப்ளிங் (உள்ளே மட்டும் சாம்பிள் விகிதத்தை ஏற்றி வேலை செய்யும்) வசதி இருந்தால் நாலு மடங்கு வையுங்கள். 44.1 புராஜெக்ட்டிலேயே அந்தப் பலன் கிடைக்கும்.

கேள்வி: ஓவர்சாம்ப்ளிங் போட்டால் கணினி திணறுகிறதே. அதற்கு 96ஏ மேல் இல்லையா?

இல்லை. ஓவர்சாம்ப்ளிங் சுமை டிஸ்டார்ஷன் போட்ட ஒன்றிரண்டு ட்ராக்கில் மட்டும்தான். 96க்குப் போனால் எல்லா ட்ராக்கிலும் எல்லா பிளக்இன்னும் இரட்டிப்பு வேலை செய்யும். அந்தக் கிட்டாரை மட்டும் ரெண்டர் செய்து (எஃபெக்டோடு ஒரே ஒலிக்கோப்பாக்கி) வைத்துக்கொண்டால் திணறலும் நின்றுவிடும். 96க்கு ஒரு நியாயம் உண்டு: அதே 128 பஃபரில் தாமதம் பாதியாகும். அதற்காக எடுத்தால் நான் தடுக்கவில்லை.

ஆனால் சோதனையை ஒழுங்காகச் செய்யுங்கள். ஒரே டேக்கை 44.1, 96 என்ற இரண்டு விகிதத்திலும் ஓட்டி, சத்தத்தைச் சமமாக்கி, எது எது என்று உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவர் போட்டுக்காட்ட வேண்டும். அரை டெசிபெல் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும்.

கேள்வி: அப்படியென்றால் 192?

வேண்டாம்.

கேள்வி: ட்ராக்கை காப்பி செய்து இடமும் வலமும் வைத்தேன். அகலம் வரவில்லை.

வராது. ஒரே ஒலி இரண்டு பக்கமும் வந்தால் அது நடுவில்தான் கேட்கும், சத்தம் மட்டும் கூடும். இன்னொரு முறை வாசித்துப் பதியுங்கள். இரண்டு டேக்குக்கும் இடையே கை மாறும் அந்தச் சின்ன வேறுபாடுதான் அகலம். இரண்டாவது டேக்குக்கு முன்னால் ட்யூன் செய்யுங்கள்.

கேள்வி: பழைய கணினிக்கு எந்த மென்பொருள்...

முதல் பதிலைப் படியுங்கள். பழைய கணினிக்கும் அதேதான்.

கேள்வி: எந்தக் கம்பி வாங்கலாம்?

உங்கள் வாத்தியாரைக் கேளுங்கள். மாற்றியதும் நன்றாக இழுத்து விட்டு, சுருதி நின்ற பிறகு பதியுங்கள்.

கேள்வி: இரண்டு மைக் வைத்துப் பதிந்தேன். ஹெட்போனில் அருமை, போனில் கேட்டால் கிட்டார் மெலிந்து போகிறது.

பல போன் ஸ்பீக்கர்கள் இடதையும் வலதையும் ஒன்றாக்கிவிடும். ஒலி 1 மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஒரு மைக் மற்றதைவிட அவ்வளவு தள்ளி இருந்தால், இரண்டையும் கூட்டும்போது 500 ஹெர்ட்ஸ் அடித்துக்கொண்டு போய்விடும், 1500உம் அப்படியே. கிட்டாரின் உடம்பே அங்கேதான் இருக்கிறது. மாஸ்டரை (எல்லா ட்ராக்கும் கடைசியில் சேரும் இடம்) மோனோவில் வைத்து, ஒரு ட்ராக்கின் போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்கள், அதாவது அலையின் மேட்டைப் பள்ளமாக்குங்கள். எது தடிமனாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஒரே மீட்டலின் முதல் மேடு இரண்டு ட்ராக்கிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி பின்தங்கிய ட்ராக்கை நகர்த்துங்கள்.